பெல் ஹவுசிங்கில் விரிசல்: அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிப்பது எப்படி

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் எஞ்சினைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். கார்புரேட்டர், வால்வு இடைவெளி, இக்னிஷன் டைமிங் எல்லாம் விரல்நுனியில் இருக்கும். ஆனால் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்த்துப் பிடித்து, கிளட்சை உள்ளே மூடியிருக்கும் மணி வடிவ உலோக உறையான பெல் ஹவுசிங்கை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அதற்கு எண்ணெய் ஊற்ற வேண்டியதில்லை, அட்ஜஸ்ட் செய்ய எதுவும் இல்லை, அது பாட்டுக்கு இருக்கும். விரிசல் விட்டாலும் அது தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வராது. கிளட்ச் கோளாறாகவோ ஸ்டார்ட்டர் கோளாறாகவோ எண்ணெய்க் கசிவாகவோ வேஷம் போட்டுக்கொண்டுதான் வரும். அதனால்தான் கிளட்ச் தட்டு, பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர், ஸ்டார்ட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிக் கை ஓய்ந்த பிறகு விரிசல் கண்ணில் படுகிறது.

விரிசல் விழுந்த இடமே அது ஏன் விழுந்தது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் வார்ப்பை (உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்த அந்த உறையை) மட்டும் வெல்டு செய்தாலும் சரி, புதிதாகவே மாற்றினாலும் சரி, அதே இடத்தில் மறுபடி பிளக்கும். கீழே உள்ள எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் போகிறது.

உங்கள் காரில் இருப்பது எந்த வகை

சில கார்களில் பெல் ஹவுசிங் தனித் துண்டு. பின்பக்கம் கியர் பாக்ஸும் முன்பக்கம் எஞ்சினும் அதில் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கும். ஜாகுவார் இ-டைப், பழைய கார்வெட், பழைய மஸ்டாங் எல்லாம் இந்த வகை. இதில் விரிசல் வந்தால் அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றினால் போதும். எம்ஜி-பி, மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்றவற்றில் பெல் ஹவுசிங்கும் கியர் பாக்ஸின் உறையும் ஒரே வார்ப்பு. அங்கே வெல்டிங் என்று முடிவெடுத்தால், கியர் பாக்ஸை முழுக்கப் பிரித்து வெற்று உறையாக்கிய பிறகுதான் வெல்டிங் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோக முடியும். வேலை இரண்டு மடங்காகிவிடும். மூன்றாவது வகை போர்ஷே 944. எஞ்சின் முன்னால், கியர் பாக்ஸ் பின்னால், நடுவில் இரண்டையும் இணைக்கும் டார்க் ட்யூப் என்ற நீளக் குழாய். பெல் ஹவுசிங் எஞ்சினோடு இருக்கும். அதில் கை வைக்க வேண்டுமென்றால் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு முன்னே வர வேண்டும்.

அடியில் படுக்கும் முன் ஒரு விஷயம். ஜாக்கியை மட்டும் நம்பி எந்தக் காரின் கீழும் போகாதீர்கள். நான்கு ஸ்டாண்டு, சமமான கெட்டித் தரை, பேட்டரி வயரைக் கழற்றிவிடுவது, இந்த மூன்றும் கட்டாயம். பேட்டரி ஏனென்றால், பல கார்களில் ஸ்டார்ட்டருக்கு வரும் தடித்த வயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் அதில் பட்டு, இன்னொரு முனை பாடியில் பட்டால் ஸ்பேனர் பழுக்கக் காய்ந்துவிடும்.

அறிகுறி: கிளட்ச் முழுதாக விடுவதில்லை, ஆனால் ஹைட்ராலிக்கில் குறை எதுவும் இல்லை

ஆட்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான். முதல் கியரும் ரிவர்ஸும் கரகரவென்று விழும். பெடலை இரண்டு முறை பம்ப் செய்தாலும் மாற்றம் இருக்காது. கிளட்ச் திரவக் குழாயிலிருந்து காற்று எடுத்துப் பார்ப்பீர்கள், குமிழி வராது. மாஸ்டர் சிலிண்டரை மாற்றுவீர்கள், அப்படியே இருக்கும். பெடல் கெட்டியாக இருப்பது போலவும் இருக்கும், ஏதோ ஒன்று வளைந்து கொடுப்பது போலவும் இருக்கும்.

காரணம் எளிமையானது. எஞ்சினோடு சுற்றும் கனச் சக்கரமான ஃப்ளைவீலில் கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை விலக்க நூறு கிலோவுக்குக் குறையாத விசை வேண்டும். அந்த விசை முழுவதும் ஏதோ ஒன்றின் மேல் ஊன்றித்தான் வர வேண்டும். ஸ்லேவ் சிலிண்டர் (பெடலின் அழுத்தத்தைத் திரவம் வழியாக வாங்கித் தண்டைத் தள்ளுவது) வெளியே இருக்கும் காரில், அது மாட்டியிருக்கும் காதும் (வார்ப்பில் போல்ட் போட நீட்டிய பகுதி), ஃபோர்க் என்ற நெம்புகோல் ஊன்றியிருக்கும் பிவட்டும்தான் அந்தச் சுமையை வாங்குகின்றன. ஃபோர்க் நடுவில் ஊன்றி, ஒரு முனையை ஸ்லேவ் தள்ள, மறு முனை பிரஷர் பிளேட்டை அழுத்தும் பேரிங்கைத் தள்ளும் அமைப்பு என்றால், பிவட்டின் மேல் இரண்டு விசைகளும் கூடி விழும். ஒவ்வொரு கியருக்கும், ஒவ்வொரு சிக்னலிலும், பல பத்தாண்டுகளாக. பல கார்களில் ஸ்லேவ் தண்டின் மொத்த ஓட்டமே சுமார் ஒன்றரை சென்டிமீட்டர்தான். காதில் விரிசல் விட்டு அது இரண்டு மில்லிமீட்டர் பின்வாங்கினாலே கிளட்ச் விடாமல் இழுக்கத் தொடங்கிவிடும்.

சோதிக்க இரண்டு பேர் வேண்டும். எஞ்சின் ஓடக் கூடாது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மெதுவாக அடிவரை அழுத்தி, ஐந்து எண்ணிவிட்டு, மெதுவாக விடட்டும். இன்னொருவர் அடியில் படுத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, ஸ்லேவ் மாட்டியிருக்கும் இடத்தை மட்டும் பார்க்க வேண்டும். தண்டு நகர்வது சரி, அதற்குத்தான் அது இருக்கிறது. சிலிண்டரின் உடல் நகரக் கூடாது.

எனக்கு இது புரிந்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. மூன்று தடவை காற்று எடுத்தும் சரியாகாத ஒரு கார். பெடலை அழுத்தச் சொல்லிவிட்டு டார்ச்சைக் காட்டினேன். கிரீஸும் தூசியும் படிந்த அந்தக் கருப்புப் பரப்பில், ஸ்லேவ் காதின் அடியில், தலைமுடி பருமனுக்கு ஒரு கோடு திறந்தது. உள்ளேயிருந்து ஒரு துளி எண்ணெய் பளபளவென்று எட்டிப் பார்த்தது. பெடலை விட்டதும் கோடு மூடிக்கொண்டது, துளியும் உள்ளே போய்விட்டது. மறுபடி அழுத்தச் சொன்னேன். மறுபடி வாய் திறந்தது. அந்த ஒரு துளியைப் பார்த்த பிறகு வேறு எந்தச் சோதனையும் தேவைப்படவில்லை.

கண்ணுக்குத் தெரியாத அளவு அசைவு என்றால், காந்த அடித்தளம் கொண்ட, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜை ஏதாவது ஓர் இரும்புப் பாகத்தில் நிறுத்தி, முனையை ஸ்லேவின் உடலில் வையுங்கள். வார்ப்பு கொஞ்சம் வளைவது இயல்பு. அந்த அளவுக்கு முள் நூலிழைபோல நகரும். அரை மில்லிமீட்டர், அதற்கு மேல் என்று ஓடினால், ஒன்று போல்ட் தளர்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் வார்ப்பு பிளந்திருக்கிறது.

ஸ்லேவ் சிலிண்டர் உள்ளேயே, கியர் பாக்ஸுக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் இன்புட் ஷாஃப்டைச் சுற்றி அமர்ந்திருக்கும் கார் என்றால் இந்தச் சோதனைக்கு வேலை இல்லை. அங்கே கிளட்ச் கோளாறு வந்தால் பெல் ஹவுசிங் மேல் சந்தேகம் கடைசியாகத்தான் வர வேண்டும். அப்புறம், பிவட் பந்து ஊன்றிய இடத்தில் உள்பக்கம் விழும் விரிசல் வெளியே தெரியாது. ஃபோர்க் வெளியே வரும் ஜன்னலின் ரப்பர் உறையைக் கழற்றி, சின்னக் கண்ணாடியோ கேமரா குழாயோ விட்டுப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: ஸ்டார்ட்டர் சில நேரம் நன்றாகச் சுற்றுகிறது, சில நேரம் பல்லைக் கடிக்கிறது

ஸ்டார்ட்டர் பெல் ஹவுசிங்கில் மாட்டப்படும் கார்களில், அதன் காது பிளந்தால் மோட்டார் சுற்றும்போது அதன் சின்னப் பல்சக்கரமான பினியன், ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரிலிருந்து விலகி எழும். கடகடவென்று சத்தம், பல் முனைகள் மழுங்கிப் போகும். புது ஸ்டார்ட்டர் போட்டால் ஒரு வாரம் நன்றாக இருக்கும், பிறகு பழையபடி ஆகும். ஸ்டார்ட்டரைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். போல்ட் இறுக்கமாக இருந்தும் அசைந்தால் காதைத்தான் சந்தேகிக்க வேண்டும். போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவில்லை என்றால் அது விரிசல் இல்லை, மரை போயிருக்கிறது. அதற்கு ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரை போட்டால் போதும், பயப்பட வேண்டாம்.

அறிகுறி: அதிர்வு, கியர் நழுவுதல், கிளட்ச் தட்டு நடுவில் பிய்ந்து வருதல்

எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டும் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். அந்தக் கோட்டைக் காப்பாற்றுவது பெல் ஹவுசிங்தான். அதில் விரிசல் விட்டு ஒரு பக்கம் தொய்ந்தால், கியர் பாக்ஸ் கொஞ்சம் சாய்ந்து தொங்கும். இன்புட் ஷாஃப்ட், கிராங்கின் முனையில் தன்னைத் தாங்கும் பைலட் பேரிங்கில் ஒரு பக்கமாக அழுத்தும். கிளட்ச் தட்டின் நடு ஹப் ஒவ்வொரு சுற்றிலும் முன்னும் பின்னும் வளையும். நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் விநாடிக்கு நூறு தடவை வளைகிறது. கடைசியில் ரிவெட்டைச் சுற்றித் தகடு பிய்ந்து, ஹப் தனியே வந்துவிடும்.

கிளட்ச் மாற்றப் பிரித்தபோது தட்டு தேயாமல் நடுவில் மட்டும் பிய்ந்திருந்தால், புதுத் தட்டை மாட்ட அவசரப்படாதீர்கள். முன்பு மாட்டியவர் கியர் பாக்ஸின் முழு எடையையும் தட்டின் மேல் தொங்கவிட்டிருக்கலாம். ஆனால் பைலட் பேரிங்கும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால், கோடு தப்பியிருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. பெல் ஹவுசிங்கை எடுத்து மேசையில் வைத்துச் சுத்தம் செய்து பார்த்தே தீர வேண்டும். காலைப் பெடலில் வைத்தால் மாறும் சத்தம், குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வரும் உறுமல், சுமை ஏற்றும்போது கியர் தானாக நியூட்ரலுக்கு நழுவுவது, இவையெல்லாம் இதே குடும்பம்தான். ஆனால் இவற்றுக்கு வேறு பல காரணங்களும் உண்டு. இவற்றை மட்டும் வைத்து விரிசல் என்று முடிவு கட்ட வேண்டாம்.

அறிகுறி: பெல் ஹவுசிங்கின் அடியில் எண்ணெய்

பெரும்பாலும் இது விரிசல் இல்லை. எஞ்சினின் பின் சீலோ கியர் பாக்ஸின் முன் சீலோதான் கசியும். எது என்று பிரிப்பதற்கு விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலில் கந்தகச் சேர்மங்கள் இருப்பதால் மூக்கைத் துளைக்கும் ஒரு நாற்றம் இருக்கும். எஞ்சின் ஆயில் கருத்து, புகை வாடையோடு இருக்கும். கிளட்ச் ஃப்ளூயிட் என்றால் அது பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்திருக்கும். எம்ஜி-பி வைத்திருப்பவர்களுக்கு இந்த மோப்பம் உதவாது, ஏனென்றால் அதன் கியர் பாக்ஸிலும் எஞ்சின் ஆயில்தான் ஊற்றுகிறோம்.

ஒரே வார்ப்பாக உள்ள உறைகளில் மட்டும், பெல் ஹவுசிங்கின் விரிசல் பின்னோக்கி ஓடி கியர் பாக்ஸின் எண்ணெய் அறையைத் தொட்டுவிடலாம். அப்போது கசிவு சீல் இருக்கும் நடுப்பகுதியிலிருந்து வராது. பக்கவாட்டில், ஒரு கோட்டின் வழியே வியர்த்து வரும். சுத்தமாகத் துடைத்துவிட்டு, பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, முதலில் ஈரமாகும் இடத்தைப் பிடியுங்கள். அரை மணி கழித்துப் பார்த்தால் எல்லா இடமும் ஈரமாகத்தான் இருக்கும், ஒன்றும் தெரியாது.

அறிகுறி: மாட்டும்போது "டக்" என்று ஒரு சத்தம்

இது ஓடிப் பழுதானது அல்ல, கையால் உடைத்தது. கியர் பாக்ஸைத் தள்ளும்போது கடைசி ஒரு சென்டிமீட்டர் மூடாது. இன்புட் ஷாஃப்ட் கிளட்ச் தட்டின் பற்களிலோ பைலட் பேரிங்கிலோ முட்டிக்கொண்டு நிற்கும். களைத்துப்போன கை, போல்ட்டை மாட்டி இறுக்கினால் அது இழுத்துக்கொண்டுவிடும் என்று நினைக்கும். போல்ட் இழுக்கத்தான் செய்யும். ஆனால் ஷாஃப்ட் போகாது, காதுதான் உடையும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள், கேட்காதது போல மீதி வேலையை முடித்துவிட ஆசைப்படுவார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். பின்னுக்கு இழுத்து, எல்லாப் போல்ட் காதையும் துடைத்துப் பாருங்கள். அன்றைக்கே பார்த்தால் ஒரு காது மட்டும்தான் போயிருக்கும்.

பார்த்தது விரிசலா, வார்ப்புக் கோடா?

அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் வார்ப்பின் மேல் ஒரு கோடு ஓடும். அதைப் பார்த்துப் பதறியவர்கள் பலர். வார்ப்புக் கோடு மேலெழும்பி இருக்கும், நேராக ஓடும், அந்தப் பக்கமும் அதே மாதிரி இருக்கும். விரிசல் உள்வாங்கி இருக்கும், கோணல்மாணலாகப் போகும், பெரும்பாலும் ஒரு துளையிலோ கூர்மையான மூலையிலோ தொடங்கும். நகத்தைக் குறுக்கே ஓட்டினால் சிக்கும். விரிசலின் இரு பக்கமும் ஒன்றோடொன்று உரசுவதால், கோட்டின் ஓரத்தில் எண்ணெயோடு குழைந்த கருஞ்சாம்பல் பொடி இருக்கும். அது இருந்தால் விரிசல் உயிரோடு அசைந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

உறுதி செய்ய, சிவப்புச் சாயம் பூசும் டை பெனட்ரன்ட் ஸ்ப்ரே சிறந்தது. கிரீஸ் துளியும் இல்லாமல் கழுவி, சாயத்தை அடித்து, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, ஈரத்துணியால் துடைத்து, வெள்ளை டெவலப்பரை அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக மேலே வரும். துடைக்கும்போது கிளீனரை நேராக அதன் மேல் அடிக்காதீர்கள், உள்ளே போன சாயமும் கழுவிப் போய்விடும். ஸ்ப்ரே இல்லாவிட்டால் மண்ணெண்ணெயும் சாக்பீஸ் பொடியும் போதும். மண்ணெண்ணெயைப் பூசி அரை மணி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தடவுங்கள். விரிசல் இருக்கும் இடத்தில் மண்ணெண்ணெய் கசிந்து வந்து வெள்ளைப் பொடியில் ஈரக்கோடு போடும்.

தனித் துண்டு பெல் ஹவுசிங் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. கயிற்றில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல வார்ப்பு பெயருக்கேற்றபடி மணிபோல் ஒலிக்கும். பிளந்தது சத்தென்று அடங்கும். பழைய சாமான் வாங்கப் போகும்போது இந்தத் தட்டலை நான் ஒருபோதும் விடுவதில்லை.

எங்கே பிளந்தது, ஏன் பிளந்தது

மேல் போல்ட் காதுகள் பிளந்திருந்தால், முதலில் போல்ட்டுகளை எண்ணுங்கள். எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகடான ஃபயர்வாலுக்கு அருகில் இருக்கும் மேல் இரண்டு போல்ட்டுகளுக்குக் கை எட்டாது என்பதால், அவற்றைப் போடாமலே விட்ட வேலையை நான் ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டின் சுமை பக்கத்துப் போல்ட்டுகளின் மேல் விழும், அவற்றின் காதுகள் போகும். போல்ட் இருந்தும் பிளந்திருந்தால் கியர் பாக்ஸைத் தாங்கும் பின்பக்க மவுண்டைப் பாருங்கள். ரப்பர் இற்றுப்போய் கியர் பாக்ஸ் ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் துள்ளினால், அந்தத் துள்ளலை வாங்குவது மேல் காதுகளும் கீழ்க் காதுகளும்தான்.

கீழ்ப்பக்கம் நசுங்கலோடு விரிசல் இருந்தால் அது வெளியிலிருந்து வந்த அடி. தாழ்வான கார் வேகத்தடையில் உரசியிருக்கும். இல்லாவிட்டால் யாரோ ஜாக்கியை பெல் ஹவுசிங்கின் அடியில் கொடுத்துக் காரைத் தூக்கியிருப்பார்கள். மெல்லிய அலுமினிய வார்ப்பு எஞ்சினின் எடையைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல.

எஞ்சினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவே உள்ள டவல் பின் என்ற சின்ன முளையின் துளையைச் சுற்றி விரிசலோ, முட்டை வடிவத் தேய்மானமோ இருந்தால், ஒரு டவல் இல்லாமல் ஓடியிருக்கிறது. இது முக்கியம். போல்ட் துளைகளில் போல்ட்டைவிடக் கொஞ்சம் இடைவெளி இருக்கும், அதனால் போல்ட் ஒருபோதும் இடத்தை நிர்ணயிக்காது, இறுக்கிப் பிடிக்க மட்டும்தான் செய்யும். இடத்தை நிர்ணயிப்பவை அந்த இரண்டு சின்ன டவல்கள்தான். வேறு எஞ்சினை மாட்டும்போது பழைய பிளாக்கில் டவல் தங்கிவிடும், புதுப் பிளாக்கில் துளை வெறுமையாக இருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஸ்லேவ் காதோ பிவட்டோ போனால், அது வயதாலும் சோர்வாலும் வந்தது. கூடவே, அசலைவிடக் கனமான பிரஷர் பிளேட் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் சைலன்சர் குழாயின் பிராக்கெட் மாட்டும் இடத்தில் பிளந்தால், குழாயின் மற்றத் தாங்கிகள் அறுந்து, முழுக் குழாயும் அந்த ஒரு பிராக்கெட்டில் தொங்கி ஆடியிருக்கும். சுற்றுவட்டமாகப் பல இடங்களில் பிளந்து, உள்ளே வெட்டுக்காயங்களும் இருந்தால் கிளட்சோ ஃப்ளைவீலோ உள்ளே சிதறியிருக்கிறது. அந்த வார்ப்பைத் தூக்கிப் போடுங்கள். வேறு யோசனையே வேண்டாம்.

ஓட்டலாமா?

சின்ன மயிரிழை, ஒரே காதில், மற்றப் போல்ட் எல்லாம் கெட்டி என்றால், வீட்டுக்கோ பட்டறைக்கோ மெதுவாகக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம். டவல் துளை, கியர் பாக்ஸ் அமரும் வட்டம், இரண்டு அடுத்தடுத்த காதுகள், இவற்றில் எதில் விரிசல் இருந்தாலும் காரை ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அந்த உறைக்குள் சுற்றுவது பல கிலோ எடையுள்ள ஃப்ளைவீல். அது உங்கள் கால்களுக்கு அருகில் சுற்றுகிறது.

இரட்டைக் குழாய் எபாக்சியை வைத்து ஒட்டிவிட்டேன், ஆறு மாதம் ஓடுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. தூசி மூடியின் ஓரம் உடைந்தால் ஒட்டுங்கள், தவறில்லை. சுமை தாங்கும் காதில் எபாக்சி விரிசலை மறைக்கும், தாங்காது. பிறகு வெல்டு செய்ய வருபவர் அந்தப் பசையைச் சுரண்டி எடுக்க அரைநாள் பாடுபடுவார்.

வெல்டிங்கா, மாற்றுவதா?

மாற்ற நல்ல பழைய வார்ப்பு கிடைக்குமென்றால் நான் மாற்றத்தான் சொல்வேன். கிடைக்காத கார்களும் உண்டு, எஞ்சின் எண்ணோடு கியர் பாக்ஸ் எண்ணும் பொருந்தினால்தான் மதிப்பு என்ற கார்களும் உண்டு. அங்கே வெல்டிங் நியாயம்தான். சுத்தமாக உடைந்த காது, துளைகளிலிருந்து விலகி ஓடும் ஒற்றை விரிசல், இவை நன்றாகச் சேரும். டவல் துளையின் வழியாகவோ கியர் பாக்ஸ் அமரும் வட்டத்தின் வழியாகவோ போகும் விரிசலை வெல்டு செய்தால், பிறகு மெஷினில் ஏற்றி மறுபடி கடைய வேண்டும். அந்த வசதி இல்லாமல் தொடங்காதீர்கள்.

முதலில் உலோகம் எது என்று தெரிய வேண்டும். பெரும்பாலும் அலுமினியம். ஆனால் பழைய போர்ஷே 911-களில் சில ஆண்டு மாடல்களின் உறைகள் மெக்னீசியம். அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், மெக்னீசியத்துக்கு 1.74. கையில் தூக்கினாலே வித்தியாசம் தெரியும். சுரண்டிப் பளபளப்பாக்கிய இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். மெக்னீசியம் நுரைத்துப் பொங்கும், அலுமினியம் சும்மா இருக்கும். நுரைத்தால் அந்த வார்ப்பில் கிரைண்டரை வைக்காதீர்கள். அந்தத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊற்றினால் தீ இன்னும் சீறும். காய்ந்த மணலோ உலோகத் தீக்கான அணைப்பானோதான் அணைக்கும். மெக்னீசியம் வெல்டிங் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

அலுமினியம் என்றால் ஆர்கான் வெல்டிங். நல்ல வெல்டர் கிடைத்தாலும், தயார்செய்யும் வேலை சரியில்லாவிட்டால் வெல்டு முழுக்கக் குமிழி விழும். பல பத்தாண்டுகளாக எண்ணெய் குடித்த வார்ப்பு அது. கழுவி, அடுப்பில் வைத்துச் சூடாக்கி, கசிந்து வரும் எண்ணெயைத் துடைத்து, மறுபடி சூடாக்கி, அது வருவது நிற்கும்வரை செய்ய வேண்டும். விரிசலின் இரண்டு முனைகளிலும் மூன்று மில்லிமீட்டர் துளை போடுங்கள். கண்ணுக்குத் தெரியும் முனையைவிடக் கொஞ்சம் தள்ளி. விரிசலின் உண்மையான முனை எப்போதும் கண்ணுக்குத் தெரிவதைத் தாண்டித்தான் இருக்கும். துளை போட்ட பிறகு மறுபடி சாயம் அடித்துப் பாருங்கள். துளையைத் தாண்டிச் சிவப்பு ஓடினால் முனையைப் பிடிக்கவில்லை.

பிறகு விரிசலின் நீளத்துக்கு வி வடிவத்தில் பள்ளம் தோண்ட வேண்டும். இரும்பில் பயன்படுத்திய கிரைண்டிங் கல் வேண்டாம், அதிலுள்ள இரும்புத் தூள் அலுமினியத்தில் புதைந்து வெல்டைக் கெடுக்கும். கார்பைடு பர் என்ற சுழல் வெட்டுமுனை நல்லது. வெல்டு செய்யும்போது பெல் ஹவுசிங்கைப் பழைய எஞ்சின் பிளாக்கிலோ தடித்த இரும்புத் தகட்டிலோ எல்லாப் போல்ட்டும் போட்டு இறுக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் எஞ்சினோடு சேரும் முகப்பு முறுக்கிக்கொள்ளும். நூறு நூற்றைம்பது டிகிரிக்கு முன்சூடு, வார்ப்பு அலுமினியத்துக்குப் பரவலாகப் பயன்படும் 4043 கம்பி, சின்னச் சின்னத் துண்டுகளாக வெல்டு, இடையில் ஆறவிடுதல். முடிந்ததும் காற்றுப் படாமல் போர்த்தி மெதுவாக ஆற வேண்டும். சூடாக்கிக் கெட்டிப்படுத்திய வார்ப்பாக இருந்தால், வெல்டைச் சுற்றியுள்ள பகுதி பழைய வலிமையை இழந்திருக்கும். அதனால் சுமை அதிகம் விழும் ஸ்லேவ் காது போன்ற இடத்தில், இடம் இருந்தால் உள்பக்கமாக ஒரு தாங்கு விலா சேர்த்து வெல்டு செய்யச் சொல்லுங்கள்.

ஆறிய பிறகு நேரான இரும்புப் பட்டையை முகப்பின் குறுக்கே வைத்து மெல்லிய அளவுத் தகடுகளான ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். 0.1 மில்லிமீட்டர் தகடு எங்காவது நுழைந்தால் முகப்பைச் சமன் செய்ய வேண்டும்.

மாட்டும் முன் டயல் கேஜ்

தனித் துண்டு வகையில் இதைத் தவிர்க்கவே கூடாது. புதுத் துண்டு வாங்கினாலும் கட்டாயம். வெறும் பெல் ஹவுசிங்கை இரண்டு டவலோடும் பிளாக்கில் மாட்டி இறுக்குங்கள். டயல் கேஜை ஃப்ளைவீலில் நிறுத்தி, முனையை கியர் பாக்ஸ் அமரும் வட்டத் துளையின் உள்விளிம்பில் வையுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முள் நகரும் மொத்த அளவு 0.13 மில்லிமீட்டருக்குள், அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பாகத்துக்குள், இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. கூடினால் மையம் விலகிய ஆஃப்செட் டவல் போட வேண்டும். முள் காட்டும் அளவில் பாதிதான் உண்மையான விலகல். 0.36 காட்டினால் 0.18 ஆஃப்செட் உள்ள டவல் போதும். இந்தப் பாதியை மறந்து முழு அளவுக்கு வாங்கினால், விலகல் அப்படியே எதிர்ப்பக்கம் போய்விடும்.

ஒரே வார்ப்பு உறைகளில் இப்படி அளக்க முடியாது. டவல்கள் இரண்டும் உள்ளனவா, துளைகள் வட்டமாக உள்ளனவா, முகப்பு சமமாக உள்ளதா என்பதைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

மாட்டும்போது, தலையை அறுத்த இரண்டு நீளப் போல்ட்டுகளை வழிகாட்டியாக பிளாக்கில் திருகிவையுங்கள். கியர் பாக்ஸ் அவற்றின் மேல் வழுக்கிக்கொண்டு வரும், எடை தட்டின் மேல் விழாது. முகப்பும் முகப்பும் கை அழுத்தத்திலேயே தொட வேண்டும். தொடாவிட்டால் போல்ட்டைத் தொடாதீர்கள். கியரில் போட்டு அவுட்புட் ஷாஃப்டைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், பற்கள் சந்தித்துக்கொள்ளும். தொட்ட பிறகு எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்சால் காரின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு முடியுங்கள். மேல் இரண்டு போல்ட்டுகளுக்கு நீள எக்ஸ்டென்ஷனும் வளையும் ஜாயின்ட்டும் வைத்தால் கை எட்டும். ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, போடுங்கள்.

ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் வார்ப்பு வரை பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகும், ஆயிரத்துக்குப் பிறகும் அடியில் படுத்து அந்தக் கோடுகளைப் பாருங்கள். எந்தக் கோடாவது முறிந்திருந்தால் அந்தப் போல்ட்டை மட்டும் இறுக்கிவிட்டு எழுந்துவிடாதீர்கள். பின்பக்க மவுண்டைக் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள், வெல்டு செய்த இடத்தில் மறுபடி சாயம் அடியுங்கள்.